மருத்துவ மேதை எல்லாப்பிரகட சுப்பராவ்

காய்ச்சல் என்று ஆசுபத்திரிக்குப் போகிறோம். வைத்தியர் துண்டு எழுதிக் கொடுக்கிறார். மருந்து கொடுக்கும் யன்னலில் குளிசைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். நாலு நாளில் எழுந்து நடமாடுகிறோம். நம்மைப் பார்த்த வைத்தியரின் பெயர் நமக்குத் தெரியும். நல்ல கைராசிக்காரர் என்று பத்துப் பேரிடம் சொல்லவும் செய்வோம். ஆனால், அந்தக் குளிசையை உலகத்துக்குத் தந்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லுவார் அரிது.

மன்னார்த் தீவிலும் எதிரேயுள்ள பெருநிலத்திலும் கருவுற்ற தாய்மார் கிளினிக்குக்குப் போகும்பொழுது இரும்புச்சத்துக் குளிசையுடன் போலிக்கமிலக் குளிசையும் பெற்று வருகின்றனர். நமக்குத் தெற்கே அடுத்திருக்கும் புத்தளம் மாவட்டத்தில் யானைக்கால் நோயை ஒழிப்பதற்கு வீடு வீடாக ஒரு குளிசை கொடுக்கப்பட்டது. மகரகமைப் புற்றுநோய் ஆசுபத்திரியில் இரத்தப் புற்றுநோயால் வாடும் பாலகருக்கு ஒரு மருந்து ஏற்றப்படுகின்றது. இந்த மூன்று மருந்துகளின் பின்னாலும் ஒரே மனிதர் நிற்கிறார். அவர் வெள்ளைக்காரர் அல்லர். பாக்குநீரிணைக்கு அப்பால், தெலுங்கு நாட்டிலே பிறந்த ஒரு பாரதர். எல்லாப்பிரகட சுப்பராவ் என்பது அவர் நாமம். சந்நியாசியாக விரும்பிப் புறப்பட்ட அவ்விளைஞர், வைத்தியராகி, பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் ஆசிரியராகி, உலகுக்கே மருந்து தந்தவர் ஆனார். அவருடைய வரலாற்றை நமது சங்க இளைஞர்களும் பெரியோர்களும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் ஆசையினால் இதனை எழுதலானேன்.

பிறப்பும் இளமையும்

1895ஆம் ஆண்டு சனவரி மாதம் 12ஆம் திகதி, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரிலே சுப்பராவ் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தையார் அரசாங்க வருமான இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தேகசுகம் குன்றியமையால் வேலையை முன்கூட்டியே விட நேர்ந்தது. ஏழு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் வறுமை வந்து குடிபுகுந்தது.

வறிய வீட்டுப் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது படிப்பு அன்று, பணம். பதின்மூன்று வயதிலே சுப்பராவ் தம் உறவுப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஒருவருக்கும் சொல்லாமல் காசிக்குப் புறப்பட்டுவிட்டார். யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும் செல்வம் தேடலாம் என்பது அவருடைய எண்ணம். வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்து மீண்டும் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். தாயார் கண்டிப்பானவர். தம் நகைகளை விற்றாயினும் மகனைப் படிப்பிக்க வேண்டும் என்று நின்றவர் அவரே. தந்தையார் இறந்த பின்னர் அந்தப் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

அப்படிப் படிப்பிக்கப்பட்ட மகன் மெட்ரிக்குலேசன் பரீட்சையில் தோற்றார். மறுமுறையும் தோற்றார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலே சேர்ந்து மூன்றாம் முறையே சித்தி எய்தினார். பின்னர் மாகாணக் கல்லூரியிலே சேர்ந்து கணித பாடத்தில் ஊக்கங் காட்டினார்.

சுப்பராவின் குடும்பத்தை வருத்திய துன்பம் வறுமை மட்டும் அன்று. கிரகணி என்று நம் முன்னோர் சொல்லிய நோய் அவர் சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுபோயிற்று. உண்ட உணவின் சாரம் உடலிற் சேராது கழிந்துபோக, இரத்தம் வெளிறி, உடல் மெலிந்து, நோயாளி தேய்ந்து போவதே அந்நோயின் இயல்பு. அதற்கு அக்காலத்து மேனாட்டு வைத்தியத்தில் நல்ல மருந்து இல்லை. சுப்பராவையும் அந்நோய் பிடித்தது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் உயிர் பிழைத்தார். சகோதரர்களைப் பறிகொடுத்துத் தாம் மட்டும் பிழைத்திருப்பது எதற்காக என்னும் கேள்வி அவரை விட்டு நீங்கவேயில்லை என்பது அவர் பிற்கால வாழ்க்கையிலிருந்து தெளிவாகும்.

துறவும் வைத்தியமும்

சென்னையிலே படிக்குங் காலத்தில் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துத் தொடர்பு அவருக்கு உண்டாயிற்று. சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து திரும்பும் வழியில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி நமது தீவின் எதிர்க்கரையாகிய பாம்பனில் இறங்கியது 1897 சனவரியில். அவர் அன்று பாரதத்தில் மூட்டிய கனல் அடுத்த தலைமுறை மாணவர் உள்ளங்களில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. சுப்பராவும் காவி உடுத்துத் தொண்டு செய்ய ஆசைப்பட்டார். தாயார் சம்மதிக்கவில்லை. தாயின் அனுமதியின்றிச் சேர்த்துக்கொள்ள மடத்துப் பெரியவர்களும் இணங்கவில்லை. வைத்தியம் படித்தால் மிஷனின் ஆசுபத்திரிகளிலே ஏழைகளுக்குப் பணி செய்யலாம் என்று அவர்கள் வழி காட்டினார்கள். அந்த அறிவுரையின்படியே சுப்பராவ் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார்.

இங்கே நம் நாட்டுப் பெரியார் ஒருவரை நினைவுகூர்தல் தகும். காரைதீவிலே பிறந்து, மட்டக்களப்பில் மிஷன் பாடசாலையாகிய புனித மைக்கேல் கல்லூரியிற் பயின்று, விஞ்ஞானப் பட்டம் பெற்ற மயில்வாகனனார் 1922இல் அதே மயிலாப்பூர் மடத்தை அடைந்து, 1924இல் சுவாமி விபுலானந்தர் ஆனார். விஞ்ஞானம் கற்றவர் துறவியானார். துறவை நாடியவர் விஞ்ஞானியானார். மடம் அவரவர்க்கு ஏற்ற வழியில் இருவரையும் ஆற்றுப்படுத்தியது. மிஷன் பாடசாலையிற் படித்தவனாகிய எனக்கு இது விசேடமாகத் தோன்றுகின்றது. மானிப்பாயில் தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனைப் பற்றி எங்களுக்கு வகுப்பிலே சொல்லித் தந்தார்கள். நோயாளிக்குச் செய்யும் பணி இறைவனுக்குச் செய்யும் பணி என்னும் கருத்து எந்தச் சமயத்தாருக்கும் பொதுவானது. அதனை விஞ்ஞான ஆராய்ச்சியாகவே செய்து காட்டியவர் சுப்பராவ்.

கதர் அங்கி

வைத்தியக் கல்லூரியிலே சுப்பராவுக்கு ஒரு சோதனை வந்தது. காந்தியடிகள் அந்நியத் துணியைத் தள்ளும்படி கேட்ட காலம். சுப்பராவ் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் கதரில் தைத்த அங்கியையே அணிந்து சென்றார். சத்திரசிகிச்சைப் பேராசிரியராயிருந்த பிராட்பீல்ட் என்னும் ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகச் செய்திருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் சுப்பராவுக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். தகுதியே வழங்கப்பட்டது.

ஒரு துணியின் பொருட்டு ஒரு பட்டம் போயிற்று. அதன் விளைவு அத்துடன் நிற்கவில்லை. சென்னை அரசாங்க வைத்திய சேவையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தம்மைப் பிழைக்க வைத்த லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூற்று விரிவுரையாளராகச் சேர்ந்தார். அங்கே ஆயுர்வேத மருந்துகளை நவீன முறையில் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. பழைய ஏடுகளை வணங்கி வைப்பதும் போதாது, பழிப்பதும் ஆகாது. சோதித்துப் பார்த்து உண்மையைக் கொள்ள வேண்டும் என்பது அவருடைய கொள்கை. சோதனைக்கு வேண்டிய வசதி அன்றைய சென்னையில் அவருக்குக் கிட்டவில்லை. அந்நாளில் அமெரிக்க வைத்தியர் ஒருவரைச் சந்தித்தமையால் அமெரிக்கா போகும் ஆசை உண்டாயிற்று.

1919இலேயே அவருக்குத் திருமணம் நிகழ்ந்திருந்தது. மனைவியார் பெயர் சேஷகிரி. மாமனார் கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி மருமகனின் படிப்புக்குக் கைகொடுத்தவர். அமெரிக்கப் பிரயாணத்துக்கும் அவரே உதவினார். காக்கிநாடாவில் இயங்கிய சத்தியலிங்க நாயக்கர் தருமநிதியும் பொருள் அளித்தது. சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சொல்லி, கருவுற்றிருந்த மனைவியாரை விட்டுச் சுப்பராவ் கப்பலேறினார். 1923 ஒக்டோபர் 26ஆம் திகதி பொஸ்ரன் நகரை அடைந்தார்.

ஹாவார்ட் பல்கலைக்கழகம்

அவர் போய் இறங்கிய அமெரிக்கா எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். அதே 1923ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இந்தியர் அமெரிக்கப் பிரசைகளாக முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. அத்தகைய நாட்டிலே, குறைந்த தகுதிப்பத்திரத்துடனும் இலேசான பணப்பையுடனும் அவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து வெப்பவலய வைத்தியப் பள்ளியிற் சேர்ந்தார். இந்தியாவில் பெற்ற வைத்தியத் தகுதிகொண்டு அங்கே வைத்தியராகப் பயிற்சி பெறும் இடம் கிடைக்கவில்லை. வயிற்றுப் பாட்டுக்காக ஆசுபத்திரியொன்றில் இரவு வேளைச் சிற்றூழியராக வேலை பார்த்தார். நோயாளரின் மலசலக் கலங்களைக் கழுவுவதும் அவ்வேலையில் அடங்கும். படித்த வைத்தியர் செய்யும் வேலையா இது என்று அவர் நினைக்கவில்லை. பகலிலே படித்தார், இரவிலே கழுவினார். அடுத்த ஆண்டில் வெப்பவலய வைத்தியத்தில் டிப்ளோமாப் பெற்றார்.

அதன்பின் அவர் வைத்தியத்தை விட்டு உயிர் இரசாயனத்துக்குத் திரும்பினார். இது அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம். ஒரு வைத்தியர் ஒரு நாளில் நூறு நோயாளரைப் பார்க்கலாம். நோயின் மூலத்தைக் காண்பவர் காணாத கோடிப் பேரைக் காப்பாற்றலாம். கிரகணிக்குக் காரணம் தெரியாதிருந்த வரையில் எந்த வைத்தியரும் அவர் சகோதரரைக் காப்பாற்றியிருக்க முடியாது அன்றோ? பேராசிரியர் சைரஸ் பிஸ்க் என்பவரின் ஆய்வுகூடத்திலே அவர் சேர்ந்தார்.

முதல் வேலை, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசின் அளவைக் காணும் முறை ஒன்றை வகுப்பது. சோதிக்கவேண்டிய திரவத்துடன் மொலிப்டேற்று என்னும் உப்பையும் வேறொரு மருந்தையும் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பொசுபரசு கூடுதலாயிருந்தால் நீலம் ஆழ்ந்திருக்கும், குறைவாயிருந்தால் வெளிறியிருக்கும். நிறத்தை அளந்தால் பொசுபரசை அளந்தவாறாகும். கேட்பதற்கு எளிது. ஆனால் நிறம் உடனே தோன்றவும், தோன்றியது மாறாது நிற்கவும், வேறு பொருள்கள் குழப்பாதிருக்கவும் எத்தனையோ இரவுகள் உழைக்கவேண்டியிருந்தது. 1925இல் வெளிவந்த அந்தப் பிஸ்க் – சுப்பராவ் முறை பல தசாப்தங்களாக உலகெங்கும் ஆய்வுகூடங்களில் கையாளப்பட்டது. உயிர் இரசாயனம் படிக்கும் மாணவர் இன்றும் அப்பெயரைப் படிக்கின்றனர்.

நல்ல தராசு கிடைத்தால் முன்பு தெரியாத எடையெல்லாம் தெரியவரும். அந்த முறையைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது, சாதாரண பொசுபேற்று என்று எல்லாரும் கணக்கில் எடுத்த பொருளின் பெரும்பகுதி உண்மையில் வேறொன்று என்பது தெரிந்தது. அதுவே பொசுபோகிரியேற்றின். தசை சுருங்கி வேலை செய்யும்போது அது கரைந்து குறைகின்றது. ஓய்வெடுக்கும்போது மீண்டும் உண்டாகின்றது. இதனை அவர்கள் 1927இல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்ரன் தம்பதியினரும் அப்பொருளைக் கண்டிருந்தனர். 1929இல் ஏ.ரி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அடினோசின் முப்பொசுபேற்றை ஹாவார்டில் பிஸ்கும் சுப்பராவும், ஜேர்மனியில் கார்ள் லோமனும் தனித்தனியே கண்டு வெளியிட்டனர்.

நமது கரையிலே கரைவலை இழுக்கிற தொழிலாளியின் புயங்களை எண்ணிப் பாருங்கள். அத்தசைகளுக்கு உடனடிச் சக்தியைத் தரும் நாணயம் ஏ.ரி.பி.யே. அந்த நாணயம் செலவாகச் செலவாக உடனே மாற்றிக் கொடுக்கும் கைப்பணம் பொசுபோகிரியேற்றின். அதற்கு முன்னர் இலற்றிக்கமிலமே தசையைச் சுருங்கச் செய்கின்றது என்று கருதப்பட்டது. தசையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்கோவ் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசையும் பெற்றிருந்தனர். புதிய கண்டுபிடிப்புகள் அக்கொள்கையை ஆட்டங்காணச் செய்தன.

1930இல் ஹாவார்ட் பல்கலைக்கழகம் சுப்பராவுக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அங்கேயே அவர் இளநிலை ஆசிரியராகவும் பணியாற்றினார். சென்னையிலே முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர் உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களுள் ஒன்றிலே மாணவர்க்குக் கற்பிப்பவரானார்.

மறுக்கப்பட்ட ஆசனம்

கதை இங்கே நிறைவுற்றால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயின் அப்படி நடக்கவில்லை. ஆண்டுகள் பல சென்றும் ஹாவார்ட் அவருக்கு நிரந்தர ஆசிரியப் பதவி வழங்கவில்லை. ஆய்வுகூடத்தில் அவர் பிரித்தெடுத்த பொருள்களிற் சில வெளியிடப்படாமலே கிடந்தன. அதே ஆய்வுகூடத்திலே பயின்று, பின்னாளில் 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிற்சிங்ஸ், பிஸ்கின் பொறாமையே இதற்குக் காரணம் போலும் என்றும், அதனால் அவற்றைப் பிறர் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும் சொல்லிச் சென்றிருக்கிறார். சுப்பராவோ தம் பெயர் முன்னால் வரவேண்டும் என்று போராடவில்லை. பிஸ்கின் புகழுக்கு ஊறு வரும்படி எதையும் செய்ததாகவும் காணோம்.

இந்தக் குணத்தைப் புகழ்வதா, குறை சொல்வதா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. புகழை வேண்டாமை உயர்ந்த குணமே. ஆனால் உழைத்தவனுடைய பெயரை மறைப்பவர்கள் அந்தக் குணத்தைத் தமக்கு வாய்ப்பாகக் கொள்ளவும் கூடும். தனக்காகப் பேசாதிருப்பவருக்காகப் பிறர் பேச வேண்டும். அங்கே அவருக்காகப் பேசத் தக்க பதவியில் எவரும் இருக்கவில்லை. நமது சங்கங்களிலும் பாடசாலைகளிலும் அமைதியாக வேலை செய்பவர்களின் பெயரை மேடையிலே சொல்லும் வழக்கம் இருக்கவேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

மருந்துகளின் களஞ்சியம்

1940இல் அவர் ஹாவார்டை விட்டு, நியூயோர்க் மாநிலத்தில் பேர்ள் றிவர் என்னும் சிற்றூரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். பேர்ள் றிவர் என்றால் முத்து ஆறு என்று பொருள். முத்துக்குளிப்புக்குப் பேர்போன நம் மன்னார்க் கரையோருக்கு அப்பெயர் மறக்காது. சிறிது காலத்துள் அவர் அங்கே ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். வெவ்வேறு துறை வல்லுநர் பலரை ஒன்றுசேர்த்து ஒரு நோக்கத்துக்காக உழைக்க வைக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது.

முதலிலே அவர் கவனம் தம் குடும்பத்தை அழித்த நோயின் மேற் சென்றது. கிரகணி நோயாளரின் இரத்தம் வெளிறுவது ஏன்? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலப் பெண் வைத்தியரான லூசி வில்ஸ் பம்பாயிலே வறிய கருவுற்ற பெண்களின் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். நம் கடைகளிலும் விற்கப்படும் மாமைற் என்னும் மதுவச் சாற்றினால் அது குணமாவதைக் கண்டார். அந்தச் சாற்றிலும் ஈரலிலும் கீரையிலும் இருந்த மறைபொருள் எது என்று தேடியவர்களுள் சுப்பராவின் குழுவினரே அதனைச் செயற்கையாகச் செய்து காட்டினர். அதுவே போலிக்கமிலம். 1945இல் அச்செய்தி வெளியாயிற்று. அது கிரகணி நோயாளரின் இரத்தச்சோகையையும் நீக்கியது. சகோதரர்கள் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்களுக்கு வேண்டியிருந்த மருந்து சுப்பராவின் ஆய்வுகூடத்திலே பிறந்தது! கருவுறுமுன்னும் கருவுற்ற தொடக்கத்திலும் இதை உட்கொண்டால் குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாடுகள் பெரிதும் தவிர்க்கப்படும் என்பது பின்னர் தெரியவந்தது.

போலிக்கமிலம் இரத்த அணுக்களை வளர்க்கின்றது என்றால், அதற்கு எதிரான பொருள் கட்டுமீறி வளரும் புற்று அணுக்களை அடக்குமன்றோ? பொஸ்ரன் நகரத்துக் குழந்தை வைத்திய நிபுணர் சிட்னி பாபர் இவ்வாறு சிந்தித்தார். சுப்பராவின் குழுவினர் போலிக்கமிலத்தைப் போன்ற தோற்றமும் எதிர்மாறான செயலும் உடைய அமினோத்தெரின் என்னும் மருந்தைச் செய்து கொடுத்தனர். 1948 சூனில் பாபர் தம் முடிவை வெளியிட்டார். இரத்தப் புற்றுநோய் கொண்ட 16 பிள்ளைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. நிரந்தரக் குணம் அன்று. சில மாத வாழ்வே. ஆயினும் அந்நோயை மருந்தால் பின்வாங்கச் செய்யலாம் என்பது அன்றுதான் உறுதியாயிற்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெதொத்திரெக்சேற்று என்னும் மருந்து இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகின்றது.

1947இல் டையீதைல்காபமசின் என்னும் மருந்து லெடர்லி ஆய்வுகூடத்தினின்றும் வந்தது. யானைக்கால் நோய்க்குக் காரணம் நுளம்பினால் பரவும் நூல்போன்ற புழு. அதன் குஞ்சுகள் நோயாளியின் இரத்தத்தில் இரவு வேளையில் உலவுகின்றன. இம்மருந்து அவற்றை இரத்தத்திலிருந்து அகற்றுகின்றது. அப்படியானால் நுளம்பு கடித்தாலும் கொண்டுசெல்ல நோய் இராது. நம் நாட்டிலே மேல், தென், வடமேல் மாகாணங்களைச் சேர்ந்த 8 மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் இம்மருந்து வேறொரு பூச்சி மருந்துடன் சேர்த்து மக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலை ஒழிந்தது என்று சான்று அளித்தது.

இவற்றோடு ஓரியோமைசின் என்னும் மருந்தையும் சேர்க்கவேண்டும். வேறு இடத்திலே ஓய்வுபெற்றிருந்த பெஞ்சமின் டகர் என்னும் எழுபது வயது கடந்த தாவரவியற் பேராசிரியர் லெடர்லியிலே சேர்ந்து மண் மாதிரிகளை ஆராய்ந்தார். பொன்னிறப் பற்றீரியா வகையொன்றிலிருந்து அவர் கண்ட அம்மருந்து 1948இல் வெளிவந்தது. பல்வகைக் கிருமிகளையும் அடக்கும் தெற்றாசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. முதுமையை ஒரு குறையாக எண்ணாது அந்த அறிஞருக்கு இடமளித்த ஆய்வுகூடத்தின் பணிப்பாளர் சுப்பராவ் என்பதை நம் பெரியோர்கள் கவனிப்பார்களாக.

மறைவும் மீதியும்

1948 ஆகஸ்ட் மாதத்திலே, தமது 53ஆம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பினால் சுப்பராவ் காலமானார். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இந்தியர் அமெரிக்கப் பிரசைகளாகும் வழி திறந்திருந்தும் அவர் பிரசையாகவில்லை. சுதந்திர இந்தியாவைக் காணத் திரும்பவும் இல்லை.

ஓர் உண்மையை மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். அவர் புறப்பட்ட பின்னர் பிறந்த மகன் தந்தையின் முகம் காணாமலே குழந்தைப் பருவத்தில் இறந்துபோனான். சில ஆண்டுகளில் வருவார் என்று காத்திருந்த சேஷகிரி அம்மையார் இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தார், கணவர் வரவேயில்லை. காவி உடுக்காத துறவு அவருடையது எனச் சிலர் சொல்லக்கூடும். ஆனால் அந்தத் துறவுக்கான விலையிற் பெரும்பங்கைக் கேளாமலே கொடுத்தவர் அவ்வம்மையார். மன்னாரிலும் கடல் கடந்து போனவர்களுக்காகக் காத்திருக்கும் மனைவியரும் தாய்மாரும் உண்டு. ஆகையால் அவர் பெருமையைப் பேசும்போது அம்மையாரையும் ஒரு சொல்லாலாவது நினைப்பதே நியாயம்.

அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. லெடர்லி ஆய்வுகூடத்தார் பூசணமொன்றுக்குச் சுப்பராவோமைசிஸ் என்று அவர் நாமத்தைச் சூட்டினர். நூற்றாண்டு நிறைவுற்ற 1995இல் இந்திய அரசாங்கம் முத்திரை வெளியிட்டது. மற்றப்படி அவர் பெயர் பொதுமக்களிடம் வரவில்லை. அவர் மருந்துகள் வந்தன.

நாம் கற்பது

சங்க இளைஞர்களே! பரீட்சையிலே ஒருமுறை தவறியவுடன் வாழ்வே போயிற்று என்று மூலையில் உட்காரும் தோழர் நம்மிடையே உண்டு. உயர்தரப் பரீட்சை முடிவு வரும் நாளிலே எத்தனை வீடுகள் துக்க வீடுகளைப்போல ஆகின்றன! இரண்டு முறை தவறியவர், பட்டம் குறைக்கப்பட்டவர், அரசாங்க உத்தியோகம் மறுக்கப்பட்டவர், பல்கலைக்கழக ஆசனம் மறுக்கப்பட்டவர் செய்த வேலையைப் பாருங்கள். அடைத்த கதவின் முன்னே நின்று அழாமல் அடுத்த கதவுக்கு நடந்தார். அந்தக் கதவைத் தட்டக் கையில் வேலை வைத்திருந்தார். வெறும் மனவுறுதி அவரைக் காப்பாற்றவில்லை. அவர் கற்ற நுட்பமான தொழிலே காப்பாற்றியது.

பெரியோர்களே! மூன்றாம் முறையும் படிப்பிக்க ஒரு தாய் இருந்தமையால் அவர் வைத்தியரானார். தருமநிதியொன்று பொருள் கொடுத்தமையால் கப்பலேறினார். நம் ஊர்க் கோயிற் பணத்திலும் சங்கப் பணத்திலும் ஒரு சிறு பங்கு, தோற்ற பிள்ளை மறுபடி எழுதுவதற்குச் செல்லுமாயின், அது வீண் செலவு ஆகாது.

நோயோடு மனிதன் தொடுத்த போர் முடிந்துவிடவும் இல்லை. இலங்கை 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் இந்தியாவிலே நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நுளம்பு நமது மன்னார்த் தீவிலேதான் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது. அது நம் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகுவது. கிணற்றை வலையால் மூடுவதும் தொட்டியைக் கழுவுவதும் சிறு வேலைகள்தாம். ஆயினும் மலசலக் கலம் கழுவியவரே ஏ.ரி.பி.யையும் கண்டார் என்பதை மறவாதிருப்போமாக. அந்த நுளம்பை ஆராய்ந்து, அடுத்த மருந்தைத் தேடும் மாணவர் ஒருவர் நம் சங்கத்திலிருந்தும் தோன்றுவாராக.